ஃப்ரிஹிலியானா: வெள்ளைச் சுவர் ஊரை ஏறி இறங்கிப் பார்க்கும் முறை

ஸ்பெயினின் தென்கரையில், மாலகா நகரத்துக்குக் கிழக்கே நெர்ஹா என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கிருந்து மலைப்பக்கமாக ஆறேழு கிலோமீட்டர் ஏறினால் ஃப்ரிஹிலியானா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரம், 3,000 பேர் அளவுக்கு மக்கள்தொகை. அந்தலூசியாவில் இப்படி வெள்ளையடித்த மலையூர்கள் நிறைய உண்டு. 'புவெப்லோ பிளாங்கோ', வெள்ளை ஊர், என்பார்கள். கடற்கரையில் தங்கிக்கொண்டே அரை நாளில் போய்வர வசதியானது, பழைய தெருவமைப்பு குலையாமல் நிற்பது என்ற இரண்டும் சேர்ந்திருப்பதால், ஒரே ஒரு வெள்ளை ஊர்தான் பார்க்க முடியும் என்பவர்களுக்கு இதையே சொல்லலாம். பெயரை எழுத்துப்படி 'ஃப்ரிஜிலியானா' என்று வாசித்தால் பேருந்து ஓட்டுநருக்கு விளங்காமல் போகலாம். நடுவில் வருவது தொண்டையிலிருந்து எழும் 'ஹி'.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் காலை பதினொரு மணிக்குச் சுற்றுலாப் பேருந்தில் வந்து இறங்கி, முதன்மைத் தெருவில் கடைகளைப் பார்த்து, ஓர் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார்கள். ஊரின் உயிர் இருக்கும் மேல்பகுதியை அவர்கள் பார்ப்பதே இல்லை. வெயிலில் ஏற முடியாது என்பதுதான் காரணம். ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது நேரத்தை.

எப்போது போவது

ஏப்ரல் முதல் ஜூன் நடு வரையும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் போவதானால் காலை ஒன்பதரைக்குள் ஊருக்குள் இருங்கள்; இல்லையென்றால் மாலை ஏழுக்குப் பிறகு போங்கள். கோடையில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிவிடும் என்பதால் மாலையிலும் தாராளமாக வெளிச்சம் கிடைக்கும். உள்நாட்டிலிருந்து 'தெர்ரால்' என்ற வறண்ட அனல்காற்று இறங்கும் நாட்களில் மலைநடையைத் தள்ளிப்போடுவது நல்லது. குளிர்காலம் பகலில் இதமாகவே இருக்கும். ஆனால் மாலை ஆறு மணிக்கு இருட்டிவிடும், வெயில் போன மறுநிமிடமே குளிரும். மேலுக்கு ஒன்று கையில் இருக்கட்டும்.

மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை சிறு கடைகள் பல மூடியிருக்கும். தெருவில் நடக்க இது அமைதியான நேரம்தான், ஆனால் கோடையில் உச்சி வெப்பமும் அப்போதுதான். ஆகஸ்ட் கடைசியில் நான்கு நாட்கள் 'மூன்று பண்பாடுகளின் விழா' நடக்கிறது. கிறிஸ்தவ, முஸ்லிம், யூத மரபுகளை முன்வைத்து 2006 முதல் நடத்தப்படும் விழா. இசையும் தெருச்சந்தையும் உண்டு. விழாவுக்கென்றே போகிறீர்கள் என்றால் அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். அமைதியாக ஊரைப் பார்க்க நினைப்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம்.

போய்ச் சேர்வது

நெர்ஹாவுக்கு ரயில் கிடையாது. மாலகா விமான நிலையத்தில் இறங்கியவர்கள் 'செர்க்கனியாஸ்' புறநகர் ரயிலில் சி-1 தடத்தில் ஏறி மரியா சம்பிரானோ நிலையத்தில் இறங்க வேண்டும். பேருந்து நிலையம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து 'அல்சா' பேருந்துகள் நெர்ஹாவுக்குப் போகின்றன. ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். வழியில் எத்தனை ஊரில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது, ஆகவே நேரடி வண்டியா என்று பார்த்து சீட்டு வாங்குங்கள்.

நெர்ஹாவில் பேருந்து நிற்கும் இடம் பெஸ்சியா அவென்யூ. ஃப்ரிஹிலியானா போகும் சிறு பேருந்தும் அங்கிருந்தே புறப்படும். பயணம் கால் மணி நேரம், இருபது நிமிடம். கட்டணம் குறைவு, சில்லறை யூரோ வைத்திருங்கள், 50 யூரோ தாளை நீட்டினால் ஓட்டுநர் திண்டாடுவார்.

பலர் சிக்கிக்கொள்வது ஞாயிற்றுக்கிழமையிலும் அரசு விடுமுறைகளிலும்தான். அன்றைக்கு வண்டிகள் குறையும், நேரம் மாறும். ஸ்பெயினில் தேசிய விடுமுறையோடு மாநில விடுமுறையும் (அந்தலூசியாவுக்குப் பிப்ரவரி 28) ஊர் விடுமுறையும் தனித்தனியாக உண்டு என்பதால் நம் நாட்காட்டியை வைத்து ஊகிக்க முடியாது. நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 'லபோராப்லெஸ்' என்றால் வேலை நாள், 'தொமிங்கோஸ் இ ஃபெஸ்தீவோஸ்' என்றால் ஞாயிறும் விடுமுறையும். இறங்கும்போதே ஓட்டுநரிடம் 'எல் உல்திமோ அவ்தோபூஸ்?' (கடைசி வண்டி?) என்று கேட்டு, அவர் சொல்லும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதையும் தவறவிட்டால் டாக்சிதான். தூரம் குறைவு என்பதால் பெரிய செலவு ஆகாது.

சொந்தமாகக் கார் ஓட்டுகிறவர்கள் ஏ-7 நெடுஞ்சாலையில் நெர்ஹா வெளிவாயிலில் இறங்கி, எம்.ஏ.-5105 சாலையில் மேலே ஏற வேண்டும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் வேண்டும். வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வழிவிட வேண்டும், அது இடப்பக்கத்திலிருந்து வரும். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கண் தன்னையறியாமல் வலப்பக்கம்தான் திரும்பும். முதல் நாள் பக்கத்தில் இருப்பவர் நினைவூட்டிக்கொண்டே வரட்டும்.

தொலைபேசி வரைபடத்தில் தங்கும் விடுதியின் பெயரைப் போட்டுவிட்டு அது காட்டும் பாதையிலேயே போகாதீர்கள். அது உங்களைப் பழைய தெருக்களுக்குள் கொண்டுபோய்விடும். அங்கே இருபுறமும் கண்ணாடி உரசும் அகலம்தான், முன்னால் படிக்கட்டு வந்துவிட்டால் முழுத் தெருவும் பின்னோக்கித்தான் வர வேண்டும். வரைபடத்தில் 'பிளாசா தெல் இன்ஹெனியோ' என்று போடுங்கள். ஊரின் நுழைவாயிலில் இருக்கும் சதுக்கம் அது. பேருந்தும் அங்கேதான் நிற்கும், வண்டி நிறுத்தவும் அந்தப் பக்கம்தான் தேட வேண்டும். தரையில் நீலக்கோடு என்றால் கட்டணம், வெள்ளை என்றால் இலவசம், மஞ்சள் என்றால் நிறுத்தவே கூடாது.

காலணியும் தரையும்

பழைய பகுதியின் தெருக்கள் ஆற்றுக் கூழாங்கற்களைச் செங்குத்தாகப் பதித்து, கறுப்பும் வெள்ளையுமாகக் கோலம்போல் அமைத்தவை. கால் தேய்த்துத் தேய்த்துப் பல கற்கள் வழவழவென்று ஆகிவிட்டன. மழை பெய்தாலும் சரி, காலையில் வீட்டுக்காரர்கள் வாசல் கழுவிவிட்டாலும் சரி, வழுக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். அடியில் பிடிப்புள்ள ரப்பர் காலணி போடுங்கள். வழவழப்பான தோல் அடியும் குதிகால் செருப்பும் இங்கே உதவாது. இறங்கும்போது தெருவின் நடுவே ஓடும் வடிகால் பள்ளத்தைவிட்டு ஓரமாக, பாதத்தைச் சற்றுக் குறுக்கே வைத்து நடந்தால் முழங்காலுக்கு நல்லது.

படிகளையும் கவனியுங்கள். கோவேறு கழுதை ஏறுவதற்கென்று போட்ட படிகள் இவை: உயரம் குறைவு, அகலம் அதிகம். ஒரு படிக்கு ஓர் அடி போதாது, இரண்டும் சரிவராது. அதனால் ஒவ்வொரு படியிலும் ஒரே கால்தான் தூக்கி வைக்கும். அரைமணி நேரத்தில் அந்தத் தொடை மட்டும் கெஞ்சும். பத்துப் பதினைந்து படிக்கு ஒருமுறை வேண்டுமென்றே காலை மாற்றுங்கள். வண்டி நுழையாத தெருக்களுக்குக் கட்டுமானப் பொருளைக் கோவேறு கழுதை சுமந்து போவதை இங்கே பார்க்க முடியும். எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுங்கள்.

தள்ளுவண்டியில் குழந்தையோடு வருகிறவர்கள் வண்டியை அறையில் விட்டுவிட்டு, முதுகில் சுமக்கும் பையில் குழந்தையைத் தூக்கிக்கொள்வதே வழி. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குக் கீழ்ச்சதுக்கமும் முதன்மைத் தெருவின் தொடக்கமும் உதவியோடு இயலும்; மேல்பகுதி இயலாது.

நடை: முதலில் மேலே, பிறகு கீழே

தொடங்குமிடத்திலேயே கண்ணில் படும் பெரிய பழங்கட்டடம் 'எல் இன்ஹெனியோ'. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த பிரபு மாளிகை. இன்று அதற்குள் கரும்புப்பாகு ஆலை இயங்குகிறது, ஐரோப்பாவில் இப்போதும் கரும்புப்பாகு காய்ச்சும் ஒரே ஆலை என்கிறார்கள். கரும்பை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அரபு முஸ்லிம்கள். பல நூற்றாண்டு கரும்பு விளைந்த இந்தக் கடற்கரையில் கடைசி அறுவடை 2006-இல் முடிந்துபோயிற்று, பாகு மட்டும் நிலைத்தது. போகும்போது வாங்காதீர்கள், கண்ணாடிப் புட்டியைச் சுமந்துகொண்டு ஏற வேண்டியிருக்கும்; திரும்பும்போது வாங்குங்கள்.

அங்கிருந்து தொடங்குவது 'காயே ரியால்', முதன்மைத் தெரு. சிறிது தூரத்தில் மேலே பிரிந்து போகும் சரிவில் 'காசா தெல் அப்பெரோ' இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம், உழவுக்கருவிகள் வைத்திருந்த இடம் என்பது பெயரிலேயே இருக்கிறது. இப்போது தொல்பொருள் அருங்காட்சியகமும் சுற்றுலா அலுவலகமும் அங்கேதான். முதலில் உள்ளே போய் ஊர் வரைபடம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஒடுங்கிய சந்துகளுக்குள் தொலைபேசியின் இருப்பிடக்குறி தடுமாறும், காகித வரைபடம் தடுமாறாது.

அடுத்து, கடைகளில் நிற்காமல் நேரே 'பர்ரிபார்த்தோ'வுக்கு ஏறுங்கள். மொரிஸ்கோக்கள் வாழ்ந்த மேல்குடியிருப்பு அது. கட்டாய மதமாற்றத்தால் கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம்களுக்கு மொரிஸ்கோ என்று பெயர். இங்கே சுவர்களில் 12 ஓட்டுச் சித்திரங்கள் பதித்திருக்கிறார்கள். 1569-இல் நடந்த போரின் கதையை அவை வரிசையாகச் சொல்கின்றன. அரபு மொழியும் உடையும் தடைசெய்யப்பட்டதை எதிர்த்து 1568 கடைசியில் கிரானாடா மலைகளில் கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டு இந்தப் பகுதியின் மொரிஸ்கோக்கள் ஃப்ரிஹிலியானாவுக்கு மேலே இருக்கும் குன்றில் தஞ்சம் புகுந்து எதிர்த்து நின்றார்கள். ஜூன் மாதம் லூயிஸ் தே ரெக்கெசென்ஸ் தலைமையில் வந்த அரசப் படை குன்றைப் பிடித்தது. ஊருக்கு மேலே இருந்த கோட்டை இடிக்கப்பட்டது. வீடுகளில் வேறு ஊர்க் கிறிஸ்தவர்கள் குடியேற்றப்பட்டார்கள். இந்தத் தெருக்களை அமைத்தவர்கள் போய்விட்டார்கள், தெருக்கள் மட்டும் இருக்கின்றன. இதை அறிந்து ஏறுகிறவர்களுக்கு அந்தச் சந்துகளின் அழகு வேறுவிதமாகத் தெரியும். மொரிஸ்கோக்களின் தலைவர் எர்னாந்தோ எல் தார்ராவின் பெயரில் இங்கே ஒரு தெரு உண்டு.

ஓட்டு வாசகங்கள் ஸ்பானிஷ் மொழியில் இருக்கின்றன. கேமராவால் மொழிபெயர்க்கும் செயலியில் ஸ்பானிஷை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான ஓட்டில் நேர் எதிரே நின்று படமெடுத்தால் வெயில் எதிரொளித்து எழுத்து மறைந்துவிடும். சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுங்கள். வரிசை எண் பார்த்துப் போவது முக்கியம்; சந்துகள் பின்னிக்கொண்டு போவதால் நான்காவதைத் தாண்டி ஏழாவதுக்கு வந்துவிடுவது எளிது, அப்புறம் கதை புரியாது.

மேல்குடியிருப்பை நிதானமாகச் சுற்ற ஒரு மணி நேரம் வேண்டும். தெம்பிருந்தால் இன்னும் இருபது முப்பது நிமிடம் ஏறி, கோட்டை இருந்த இடத்துக்குப் போகலாம். கோட்டையாக எதுவும் மிச்சமில்லை, அடித்தளத் தடயங்கள்தான். கோட்டை என்று கேள்விப்பட்டு ஏறுகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். போக வேண்டிய காரணம் வேறு: ஒருபக்கம் வெள்ளைக் கூரைவிளிம்புகள் படிப்படியாகக் கடலை நோக்கி இறங்கும், மறுபக்கம் அல்மிஹாரா மலைத்தொடரின் சாம்பல்நிறப் பாறை.

இறங்கும்போது 'சக்கத்தீன்' சந்து வழியாக வாருங்கள், செங்குத்தான படிச்சந்து. பிறகு 1676-ஆம் ஆண்டின் சான் அந்தோனியோ தேவாலயம், பதினேழாம் நூற்றாண்டின் 'ஃபுவென்த்தே வியெஹா' நீரூற்று, 1767-இல் கட்டிய அரசுத் தானியக் களஞ்சியம் என்று ஒன்றன்பின் ஒன்றாக முதன்மைத் தெருவோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டே கீழே வந்துவிடலாம். களஞ்சியத்தின் செங்கல் வளைவுகள் பிற்காலக் கட்டடங்களுக்குள் புதைந்துபோயிருக்கின்றன. நிமிர்ந்து பார்க்காமல் போனால் தவறவிடுவீர்கள்.

சுவரைத் தொட்டுப் பாருங்கள்

ஏதாவது ஒரு பழைய வீட்டின் மூலையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். மூலை கூராக இராது, பிடித்துவைத்த மாவுபோல் மொழுமொழுவென்று வளைந்திருக்கும். ஆண்டுக்காண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த வெள்ளை தோலாகக் கெட்டித்ததால் வந்த வளைவு அது. கல்லைச் சுட்டு, நீற்றி, நீரில் கரைத்து அடித்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும், அதன் காரத்தில் பூஞ்சையும் பூச்சியும் அண்டாது, சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறவும் வழிவிடும். விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்பு. இப்போது பல வீடுகளில் பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கிறார்கள். அது விரலில் ஒட்டாது. ஆனால் ஈரம் உள்ளேயே தங்கி, சில ஆண்டுகளில் கொப்புளித்துத் தகடு தகடாக உரியும். இரண்டு வகையும் ஒரே சந்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்தால் ஏன் முன்னோர் சுண்ணாம்பை விடவில்லை என்று விளங்கும். கறுப்பு உடையோடு சுவரில் சாயாதீர்கள், முதுகு வெளுத்துவிடும்.

நீலக் கதவும் சிவப்பு ஜெரானியத் தொட்டியும் யாரோ ஒருவருடைய வீட்டு வாசல். படமெடுக்கலாம், படியில் ஏறி உட்காரவும் தொட்டியை நகர்த்தவும் கூடாது. திறந்த கதவுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம். எதிரே வருகிறவருக்கு மதியம் வரை 'புவெனோஸ் தியாஸ்', பிறகு 'புவெனாஸ் தார்தெஸ்' சொல்லுங்கள். இந்த ஊரில் அதைச் சொல்லாமல் கடந்துபோவதுதான் மரியாதைக்குறைவு.

சாப்பாடு

மதிய உணவு ஒன்றரையிலிருந்து நான்கு வரை. அதன்பின் எட்டு மணி வரை பல இடங்களில் அடுப்பு அணைந்திருக்கும், காபியும் குளிர்பானமும்தான் கிடைக்கும். ஐந்து மணிக்குப் பசித்தால் திண்டாட்டம்தான். பையில் கொஞ்சம் பாதாமோ திராட்சையோ வைத்திருங்கள். வார நாட்களில் 'மெனு தெல் தியா' என்று எழுதியிருந்தால் முதல் வகை, இரண்டாம் வகை, ரொட்டி, இனிப்பு அல்லது காபி சேர்ந்த மதியச் சாப்பாடு. தனித்தனியாகக் கேட்பதைவிட மலிவு.

ஊரின் தனிச்சுவை, பொரித்த கத்திரிக்காயின்மேல் கரும்புப்பாகு ஊற்றியது: 'பெரென்ஹெனாஸ் கொன் மியெல் தே கான்யா'. 'மியெல்' என்றால் தேன் என்று பொருள் இருந்தாலும் இதில் தேனீக்கு வேலை இல்லை. வெல்லப்பாகைவிடக் கறுப்பாக, லேசான கசப்போடு இருக்கும். வந்ததும் சாப்பிட வேண்டும். ஐந்து நிமிடம் படமெடுத்துக்கொண்டிருந்தால் பாகில் ஊறி நமத்துப்போகும். அடுத்தது 'அஹோபிளாங்கோ': பாதாம், பூண்டு, பழைய ரொட்டி, ஆலிவ் எண்ணெய், வினிகர் சேர்த்து அரைத்த குளிர்ந்த வெள்ளை சூப், மேலே மஸ்கட் திராட்சை. கோடைக்கு இதைவிட நல்லது இல்லை. இறைச்சி சாப்பிடுகிறவர்கள் 'சோத்தோ' என்ற இளம் வெள்ளாட்டுக் கறியைக் கேட்கலாம்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் 'வெஹெத்தாரியானோ' என்று சொல்வதோடு நின்றுவிடக் கூடாது. 'கார்னே' (கறி) என்ற சொல்லை மாட்டு, பன்றித் துண்டு என்றே எடுத்துக்கொண்டு, சாலட்டில் சூரை மீனும் கீரையில் பன்றித்தொடைத் துணுக்கும் போட்டுவிடுவது நடக்கும். 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' (கறி, மீன், பன்றித்தொடை இறைச்சியான ஹமோன் இல்லாமல்) என்று மூன்றையும் தனித்தனியே சொல்லுங்கள். 'குரோக்கெத்தா' என்ற பொரித்த உருண்டைக்குள் பெரும்பாலும் ஹமோன் இருக்கும். 'சல்மோரெஹோ' சூப்பின்மேல் ஹமோனும் முட்டையும் தூவுவார்கள், தூவாமல் கேட்டால் தருவார்கள். 'மீகாஸ்' என்ற ரொட்டித்தூள் வறுவலில் பன்றித் தொத்திறைச்சி சேரும். கத்திரிக்காய் பொரிக்கும் எண்ணெயில் மீனும் பொரித்திருக்கக்கூடும். அது ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

மலைப்பக்கம் நடக்க

ஊருக்குக் கீழே ஹிகெரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஊரையொட்டிய பகுதி பெரும்பாலும் வறண்ட கற்படுகை. மேலே போகப் போகப் பாறைச்சுவர் நெருங்கி, நீர் ஓடும், கால் நனையும். 'போசோ பத்தான்' என்ற குளம் வரை போய்த் திரும்பினாலே நல்ல நடை. முந்தைய நாளோ அன்றோ மலையில் மழை என்றால் இறங்கவே வேண்டாம். பள்ளத்தாக்கில் வெள்ளம் திடீரென்று வரும், ஒதுங்க இடமிராது.

இன்னொரு நடை 'எல் அசெபுச்சால்' குக்கிராமத்துக்கு. 1948-இல், ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோவை எதிர்த்து மலைக்குள் ஒளிந்திருந்த போராளிகளுக்கு உதவுகிறார்கள் என்ற சந்தேகத்தில் அந்த ஊர் மக்களைக் காவல்படை வெளியேற்றியது. ஐம்பது ஆண்டு பாழாய்க் கிடந்த வீடுகளை 1998 முதல் பழைய குடும்பத்தாரே மீட்டுக் கட்டத் தொடங்கினார்கள். சாப்பிட இடமுண்டு, திறந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காரில் போனால் கடைசிப் பகுதி மண்பாதை.

இரண்டுக்கும் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி வேண்டும். நிழல் குறைவு. ஊற்றுக்குழாயில் 'நோ போத்தாப்லெ' என்றிருந்தால் அது குடிநீர் அல்ல. அவசர உதவிக்கு 112. பள்ளத்தாக்குக்குள் சிக்னல் அறுந்துபோகும் என்பதால் எங்கே போகிறோம் என்று விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பாகை வீட்டுக்குக் கொண்டுபோக

கரும்புப்பாகு திரவக் கணக்கில் சேரும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். மூடியை நெகிழித்தாளால் சுற்றி, இரண்டு பைக்குள் போட்டு, துணிக்கு நடுவே வைத்துப் பெரிய பெட்டியில் அனுப்புங்கள். வீட்டில் செய்ய: இரண்டு பெரிய கத்திரிக்காயை விரல் தடிமனில் நீளமாக அரிந்து, பாலில் அரைமணி ஊறவைத்து, நன்றாக வடித்து, போடுவதற்குச் சற்று முன் மட்டும் மாவில் புரட்டுங்கள். முன்னதாகப் புரட்டி வைத்தால் மாவு கூழாகிவிடும். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு துண்டு போட்டதும் சலசலவென்று மேலே வராவிட்டால் பொறுங்கள், இல்லையென்றால் காய் எண்ணெயைக் குடித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பொரித்து, உப்புத் தூவி, பாகை மெல்லிய நூலாகச் சுற்றி ஊற்றி, சூடாகவே பரிமாறுங்கள்.